சரளைக் குவாரிக்கு நிலம் தகுதி பெறுவது எப்படி? சட்டம் கூறுவது என்ன?

புதுதில்லி: சாலைப் பணிகளுக்கும் கட்டுமானங்களுக்கும் சரளையின் தேவை நாடு முழுவதும் அதிகரித்து வரும் நிலையில், ஓரிடத்தில் சரளை எடுக்க அனுமதிக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி நீதிமன்றங்களை எட்டி வருகிறது.

சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1957-இன்படி, கட்டடக் கல், சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றுடன் சரளையும் சிறு கனிமமாகும். இவற்றுக்கான குத்தகை விதிகளை வகுக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 15-ஆவது பிரிவு மாநில அரசுகளுக்கு வழங்குகிறது. குடியிருப்பு, பாலம், நீர்நிலை ஆகியவற்றிலிருந்து விட வேண்டிய தொலைவு மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதற்கு இதுவே காரணம்.

பட்டா நிலமாக இருந்தால் அனுமதி தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நிலத்தடிக் கனிமம் பொதுவாக நில உரிமையாளருக்கே உரியது என உச்சநீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆயினும், உரிமை வேறு; தோண்டுவதற்கான அனுமதி வேறு. சொந்த நிலத்தில் தோண்டுபவரும் ஒழுங்குமுறைச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவரே.

அடுத்து ஆராயப்படுவது நிலத்தின் வகைப்பாடு. வருவாய்த் துறைப் பதிவேட்டில் விளைநிலமாக உள்ள இடத்துக்குப் பல மாநிலங்களில் நிலப் பயன்பாட்டு மாற்ற ஒப்புதல் பெற வேண்டும். வன நிலமெனில் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் ஒப்புதல் கட்டாயம். தேசியப் பூங்கா, வனவிலங்கு சரணாலயம் ஆகியவற்றின் உள்ளேயும், அவற்றின் எல்லையிலிருந்து 1 கி.மீ. தொலைவுக்குள்ளும் சுரங்கப் பணி கூடாது என உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில், 1996-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் விரிவாக்கச் சட்டப்படி கிராம சபை அல்லது உரிய நிலையிலுள்ள ஊராட்சியின் முன் பரிந்துரை இல்லாமல் சிறு கனிமக் குத்தகை வழங்க இயலாது.

பெரும்பாலான வழக்குகள் எழுவது இவற்றுக்குப் பிந்தைய கட்டமான சுற்றுச்சூழல் அனுமதியில்தான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 5 ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைகளை இந்த அனுமதியின் வரம்புக்கு வெளியே விட்டிருந்தது. ஹரியாணா மாநிலம் பஞ்ச்குலா மாவட்டத்தில் பாறாங்கல், சரளை, மணல் குவாரிகள் ஒவ்வொன்றும் 4.5 ஹெக்டேருக்கு மிகாத பரப்பில் 2011-இல் ஏல அறிவிப்பில் இடம்பெற்றன. அரை ஹெக்டேர் குறைவு தற்செயலானதா என்ற ஐயம் எழுவது இயல்பே. இது தொடர்பான வழக்கில், 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைகளுக்கும் அவற்றின் புதுப்பித்தலுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரி 27-ஆம் தேதி உத்தரவிட்டது.

இதன் தொடர்ச்சியாக வெளியான 2016-ஆம் ஆண்டு அறிவிக்கை, மாவட்ட ஆய்வு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. மாவட்டத்தில் எங்கு, எவ்வளவு கனிமம் உள்ளது, எங்கு எடுக்கக் கூடாது என்பதை அந்த அறிக்கை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். ஒரே கனிமப் பரப்பில் 500 மீட்டருக்குக் குறைவான இடைவெளியில் அமைந்த குத்தகைகள் ஒரு தொகுப்பாகக் கருதப்படும் என்பதால், நிலத்தைத் துண்டுகளாக்கி விதியிலிருந்து தப்பும் வழியும் சுருங்கியது.

ஆற்றுப் படுகையில் விதிகள் மேலும் கடுமையானவை. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், தோண்டும் ஆழத்தை 3 மீட்டராகக் கட்டுப்படுத்துகின்றன. கரையிலிருந்து ஆற்றின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு, குறைந்தபட்சம் 7.5 மீட்டர் விட வேண்டும் என்கின்றன. எடுக்கப்பட்ட அளவை ஆண்டுதோறும் ஆறு ஈடுசெய்கிறதா என்பதைக் கணக்கிடும் மறுநிரம்பல் ஆய்வும் தேவை.

அந்த ஆய்வு இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு ஜம்மு-காஷ்மீர் வழக்கு விடை தருகிறது. ஸ்ரீநகர் வட்டச் சாலைப் பணிக்காக பட்காம் மாவட்டத்தின் ஷாலிகங்கா ஓடையில் கனிமம் எடுக்க அனுமதி கோரப்பட்டது. மறுநிரம்பல் தரவு இல்லாத நிலையில், தோண்டும் ஆழத்தைக் குறைக்கும் நிபந்தனையுடன் அனுமதி அளிக்கப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதனை ரத்து செய்தது. நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, அதுல் எஸ். சந்துர்கர் ஆகியோரைக் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி அந்த முடிவை உறுதி செய்தது. மரம் வெட்ட அனுமதிக்கும் முன் காட்டின் வளர்ச்சி வேகத்தை மதிப்பிடுவது போல, ஆற்றின் மறுநிரம்பல் திறனையும் முதலில் அறிய வேண்டும் என்பது அமர்வின் கருத்து. திட்டம் பொதுநலனுக்கான சாலை என்ற காரணத்தால் இந்த ஆய்வு தவிர்க்கப்படவில்லை என்பது இத்தீர்ப்பில் கவனிக்கத்தக்கது.

சாலைக்கான மண் குறித்தும் இதே அணுகுமுறை தென்பட்டது. சாலை, குழாய்ப் பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு சாதாரண மண் எடுக்க அனுமதி வேண்டாம் என்ற 2020 மார்ச் அறிவிக்கையின் விலக்கை உச்சநீதிமன்றம் 2024 மார்ச் 21-ஆம் தேதி ரத்து செய்தது.

வழங்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியால் பாதிக்கப்படுவோர், 2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மேலும் 60 நாள்கள் வரை அனுமதிக்கலாம். அதற்குப் பிறகு மேல்முறையீடு ஏற்கப்படுவதில்லை.