செங்குத்துக் கோடுகளும் ஒரு சிறு வியாபாரியின் மகனும்



இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இரவில் விளக்கடியில் உட்கார்ந்து, "செங்குத்தாக வெட்டும் இரண்டு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் மைனஸ் ஒன்று" என்று உருப்போடுவதைப் பெற்றோர்களாகிய நம்மில் பலர் கேட்டிருப்போம். அது என்ன மைனஸ் ஒன்று? அதைக் கண்டவர் யார்? இன்று அதைப் பேசுவோம்.

முதலில் சாய்வு. ஒரு கோட்டின் மேல் வலப்பக்கம் 3 அடி நகரும்போது 2 அடி உயர்ந்தால், அதன் சாய்வு மூன்றில் இரண்டு. அவ்வளவுதான். இப்போது ஓர் அட்டையில் 3 அங்குலம் அகலமும் 2 அங்குலம் உயரமும் கொண்ட மூலைமுக்கோணம் ஒன்றை வெட்டி, அதைக் கால் வட்டம் திருப்புங்கள். படுத்திருந்த 3 அங்குலம் நின்றுகொள்ளும்; நின்றிருந்த 2 அங்குலம் படுத்துக்கொள்ளும். சாய்ந்த பக்கம் பழைய கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும். ஆனால் முன்பு வலப்பக்கம் ஏறிய கோடு இப்போது வலப்பக்கம் இறங்குகிறது. ஆகவே புதிய சாய்வு மைனஸ் இரண்டில் மூன்று. பின்னம் தலைகீழானதால் பெருக்கல் ஒன்றாயிற்று; ஏற்றம் இறக்கமானதால் மைனஸ் வந்தது.

இவ்வளவு எளிய செய்தி எழுத்தில் வர மனிதனுக்கு வெகுகாலம் பிடித்தது. செங்கோணத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். வேள்வி மேடை கட்டியவர்கள் கயிறும் முளையும் கொண்டு மூலையை நேராக்கிய முறைகளைச் சுல்ப சூத்திரங்கள் சொல்கின்றன. எகிப்தில் கி.மு. 1550 அளவில் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த கணக்குச் சுவடியில், பிரமிடு ஒரு முழம் உயர எத்தனை கையகலம் உள்வாங்க வேண்டும் என்ற கணக்குகள் இருக்கின்றன. அதுவும் ஒருவகைச் சாய்வுதான். ஆயினும் சாய்வையும் செங்கோணத்தையும் ஒரே பெருக்கலில் கட்டிப்போட எவரும் முனையவில்லை.

1637-இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட், கோடுகளையும் வளைவுகளையும் சமன்பாடுகளாக எழுதலாம் என்று காட்டினார். வளைவுக்குச் செங்குத்தாகக் கோடு வரையும் வழியையும் சொன்னார். ஆனால் சாய்வு என்ற ஒற்றை எண் அவர் நூலில் நிலைபெறவில்லை. சமன்பாட்டுக்கு மைனஸில் விடை வந்தால் அதைப் 'பொய்யான' விடை என்றே அவர் அழைத்தார். மைனஸ் எண்ணுக்கு அன்று அவ்வளவுதான் மரியாதை!

இனித்தான் நாம் சொல்ல வந்த மனிதர் வருகிறார். காஸ்பார் மோன்ஜ், 1746-இல் பிரான்சின் போன் என்னும் ஊரில் ஒரு சிறு வியாபாரிக்கு மகனாகப் பிறந்தவர். பதினெட்டு வயதளவில், தாமே செய்த அளவுக் கருவிகளைக் கொண்டு தம் ஊரின் வரைபடத்தைத் தீட்டினார். அதைக் கண்ட ஓர் இராணுவ அதிகாரி வியந்து, மெசியேர் நகரிலிருந்த இராணுவப் பொறியியல் பள்ளிக்கு அவரை அழைத்துக்கொண்டார். ஆனால் அங்கே அதிகாரியாவதற்குப் படிக்கும் உரிமை உயர்குடிப் பிள்ளைகளுக்கே இருந்தது. அறிவைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தார்கள். படம் வரையும் ஊழியராக ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள்.

ஒருநாள், எதிரியின் குண்டு படாதபடி கோட்டைச் சுவரின் உயரத்தைக் கணக்கிடும் வேலை அவரிடம் வந்தது. மற்றவர்கள் நீண்ட கூட்டல் கழித்தலில் மூழ்குவார்கள். மோன்ஜ் கோடுகளை வரைந்தே விரைவில் முடித்துக் கொடுத்தார். இத்தனை சீக்கிரம் முடியாது என்று மேலதிகாரி அதைச் சரிபார்க்கவே மறுத்தாராம்! பிறகு பார்த்தார்கள், சரியாக இருந்தது. பின்னர் அதே பள்ளியில் மோன்ஜ் ஆசிரியரானார். அவருடைய முறையையோ இராணுவ இரகசியமாகப் பூட்டி வைத்தார்கள். 1795-இல்தான் அவர் அதைப் பொதுவில் பாடமாக நடத்த முடிந்தது.

பாரிஸ் அறிவியல் கழகத்தின் 1781-ஆம் ஆண்டுக்குரிய தொகுதியில் அவருடைய கட்டுரை ஒன்று உண்டு. எதைப் பற்றி என்கிறீர்கள்? மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவதைப் பற்றி! தோட்டச் சாலைக்கு மண் சுமந்த நம் பாட்டன் பாட்டிக்கு இந்த வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மண்ணை எங்கே கொட்டினால் சுமப்பது குறையும் என்பதே மோன்ஜின் கேள்வி. சமதரையில் இரண்டு கூடைக்காரர்களின் வழி குறுக்கே வெட்டிக்கொள்ளக் கூடாது என்றார் அவர். வெட்டினால், இருவரும் கொட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளட்டும். மொத்த நடை குறைந்துவிடும். இத்தகைய வழிகளையும் அவற்றுக்குச் செங்குத்தானவற்றையும் ஆராய்ந்த அந்தக் கட்டுரையில்தான், ஒரு புள்ளியையும் ஒரு சாய்வையும் கொண்டு கோட்டின் சமன்பாட்டை எழுதும் முறை தெளிவாக வருகிறது. மோன்ஜும் அவருடைய மாணவர் லக்ருவாவும் எழுதியவற்றின் வழியே செங்குத்துச் சாய்வுகளின் விதி பாடநூல்களில் ஏறியது. நம் பிள்ளை உருப்போடுவது அதைத்தான்.

மோன்ஜ் 1818-இல் காலமானார். அரசியல் மாறியிருந்த காலம் அது. நெப்போலியனின் நண்பர் என்பதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிவியல் கழகத்திலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள். 1989-இல் பிரெஞ்சு அரசு அவர் உடலின் எச்சத்தைப் பாரிசின் பாந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டு சென்றது.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி நிறுத்துகிறோம். படுத்த கோட்டின் சாய்வு பூஜ்யம். நேராக நிற்கும் கோட்டுக்கோ சாய்வு என்று ஓர் எண்ணே கிடையாது. பூஜ்யத்தால் வகுக்க முடியாதல்லவா? அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்துதான். ஆனாலும் அங்கே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க முடியாது. தேர்வில் இதைக் கேட்பார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.