தெனாரியஸ்: பெயரும் பொருளும்

உரோமப் பேரரசின் வரலாற்றில் கி.பி. 235 முதல் 284 வரையிலான அரை நூற்றாண்டு பெருநெருக்கடிக் காலமாகும். பேரரசர் பலர் அடுத்தடுத்து அரியணை ஏறி வீழ்ந்தனர். எல்லைப் போர்களுக்கும் படைவீரர் ஊதியத்திற்கும் வெள்ளி போதாமையால், நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினர். நாணயத்தின் பெயர் அது சுட்டிய பொருளினின்று விலகிச் சென்றதை இக்காலம் தெளிவாகக் காட்டுகிறது.

கி.மு. 211 அளவில் தோன்றிய தெனாரியஸ் என்னும் வெள்ளி நாணயம், பத்து 'ஆஸ்' என்னும் வெண்கலக் காசுகளுக்கு ஈடாக இருந்தமையின் 'பத்து' என்னும் பொருளடியாகப் பெயர் பெற்றது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அதன் மதிப்புப் பதினாறு ஆஸாக உயர்ந்தபோதும் பெயர் மாறவில்லை. கி.பி. 64இல் நீரோ அதன் எடையையும் தூய்மையையும் குறைத்தார். செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் அதிலிருந்த வெள்ளி ஏறத்தாழப் பாதியாயிற்று.

215இல் கரகல்லா, கதிர்முடி சூடிய தம் உருவம் பொறித்த புதிய நாணயத்தை வெளியிட்டார். அவருடைய அரசுப் பெயரான அந்தோனினஸ் என்பதன் அடியாக நாணயவியலார் இதனை 'அந்தோனினியானஸ்' என வழங்குவர். இதன் மதிப்பு இரண்டு தெனாரியஸ் என்பது அறிஞர் பலர் கருத்து. இதிலிருந்த வெள்ளியோ ஏறத்தாழ ஒன்றரைத் தெனாரியஸ் அளவினதே. 238க்குப் பின் இந்நாணயம் பெருக, தெனாரியஸ் அருகியது. 260இல் வலேரியன் பாரசீக மன்னர் முதலாம் சாபூரிடம் சிறைப்பட்டார். அவர் மகன் கல்லியெனஸின் ஆட்சி முடிந்த 268 அளவில், அந்தோனினியானஸில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்கினும் குறைந்து, மேற்பூச்சாகவே எஞ்சியது.

தனி நாணய முறை கொண்டிருந்த எகிப்திலும் நம்பிக்கை தளர்ந்தது. 260இல் ஆக்சிரிங்கஸ் நகரில் நாணயமாற்றுவோர் பேரரசர் காசை ஏற்க மறுத்துத் தம் நிலையங்களை மூடினர். கள்ளக் காசு நீங்கலாக அனைத்தையும் ஏற்குமாறு அதிகாரி இட்ட ஆணை பாப்பிரஸ் ஆவணமாகக் கிடைத்துள்ளது. அதில் அக்காசு 'தெய்விக நாணயம்' எனப்படுகிறது. மதிப்புக் குன்றியும் அடைமொழி குன்றவில்லை.

301இல் தியோக்ளீசியன் பிறப்பித்த விலை ஆணை ஒரு பவுண்டு பொன்னுக்கு 72,000 தெனாரியஸ் என விலை வகுத்தது. பழைய வெள்ளித் தெனாரியஸ் அப்போது வழக்கில் இல்லை. அச்சொல் கணக்கலகாகவே நின்றது. பின்னரும் அச்சொல் அழியவில்லை. குப்தர் காலக் கல்வெட்டுகளில் 'தீனார' என்றும் அரபியில் 'தினார்' என்றும் வழங்கிப் பொற்காசைக் குறித்தது. பிரெஞ்சில் 'தெனியே' என வெள்ளிக்காசாயிற்று.

எனவே தெனாரியஸை எங்கும் 'வெள்ளிக்காசு' எனப் பெயர்த்தல் பொருந்தாது. முதல் நூற்றாண்டு நூலுக்கு ஏற்ற அச்சொல், விலை ஆணையில் பிழையாகிவிடும். மூலத்தின் காலத்தை அறிந்த பின்னரே மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லுக்குப் பொருள் கொள்ளுதல் வேண்டும்.