எலியின் மீசை

இராயபுரத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, பெரியவர்களுடன் துறைமுகத்துக்குக் கப்பல் பார்க்கப் போவதுண்டு. கப்பலைக் கரையோடு பிணைத்த வடங்களில் வட்டமான தகரத் தட்டுக்கள் மாட்டியிருக்கும். எலி ஏறாமலிருக்க என்றார்கள். காரிருளில், ஆடுகின்ற கயிற்றின்மேல் எலி எவ்வாறு தவறி விழாமல் நடக்கிறது என்னும் கேள்வி அன்றே என் மனத்தில் புகுந்தது. அதற்கு விடை கண்ட வரலாற்றைத்தான் மாணவ நேயர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல வந்தேன்.

1870-ஆம் ஆண்டில் பிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் நாயின் மூளைப் புறணியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினர். குறிப்பிட்ட ஓரிடத்தைத் தூண்டினால் நாயின் முன்னங்கால் அசைந்தது. பின்வந்தோர் பலர் மூளையை ஒரு கச்சேரியைப்போல் பகுத்துக் கொண்டார்கள். தபால் வாங்கும் அறை ஒன்று, உத்தரவு எழுதும் அறை மற்றொன்று. வசதியான படந்தான். ஆனால் எலி அதற்குள் அடங்கவில்லை.

1912-இல் ஸ்டெல்லா வின்சென்ட் என்னும் அமெரிக்க அம்மையார் வெள்ளெலிகளைச் சிக்கல் வழிகளில் ஓடவிட்டு ஆராய்ந்தார். மீசை இழந்த எலிகள் தடுமாறின. எலி தன் மீசையைச் சும்மா வைத்திருப்பதில்லை. நொடிக்கு ஏறக்குறையப் பத்து முறை முன்னும் பின்னும் வீசிக்கொண்டே செல்கிறது. தொடுவதற்காக அசைக்கிறது, தொட்டதை அறிந்து அசைவை மாற்றுகிறது. இதில் எது முந்தியது, எது பிந்தியது?

மீசையின் வேரில் பிறக்கும் செய்தி, நரம்பு வழியே மூளைத்தண்டை அடைந்து, தாலமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்து, புறணியைச் சேர்கிறது. அங்கே, 1970-இல் உல்சியும் வான் டெர் லோஸும் ஓர் அற்புதத்தைக் கண்டனர். சுண்டெலியின் புறணியில் நரம்பணுக்கள் சின்னஞ்சிறு பீப்பாய்களாக அடுக்கப்பட்டிருந்தன! மீசைக்கு ஒரு பீப்பாய். முகத்தில் மீசைகள் நிற்கும் அதே வரிசை. நம் துறைமுகத்துக் கிடங்குக் கணக்கர்கூட இவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்க மாட்டார்.

தபால் அறை இதுதான் என்று எல்லோரும் நம்பினர். ஆனால் 2010-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர் வேறு கண்டனர். இயக்கப் பகுதியைத் தூண்டினால் மீசை முன்னோக்கி வீசியது. உணர்வுப் பகுதியைத் தூண்டினாலோ பின்னோக்கி இழுபட்டது. உணர்வுப் பகுதியிலிருந்தும் மூளைத்தண்டுக்குக் கட்டளை செல்லும் தனிவழி இருந்தது. தபால் அறையும் உத்தரவு எழுதியது!

இவ்வாறு உணர்ச்சியும் அசைவும் பின்னிக் கிடப்பதை மனிதரிடம் காட்டிய ஒருவர், எங்கள் வடசென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர், வி. எஸ். இராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்ட சிலர், இல்லாத அக்கை இறுக மூடிக் கிடப்பதாக உணர்ந்து வேதனைப்பட்டனர். மூளை உத்தரவிடுகிறது, 'கை அசைந்தது' என்னும் பதில் மட்டும் வருவதில்லை, ஆகையால் கை மரத்ததாக மூளை கொள்கிறது என்று அவர் கருதினார். 1990-களில், கலிபோர்னியாவில், அத்தகையோர் முன் நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்தினார். நலமான கை அசைந்தது. அதன் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றியது. கண் கொடுத்த அந்தப் பதில் போதுமானதாயிற்று. மூடியிருந்த விரல்கள் மெல்ல விரிவதைச் சிலர் உணர்ந்தனர்.