சீனியே மருந்தாகும் நேரம்: தாழ்சர்க்கரையின் நூறாண்டுக் கதை

இந்த முறை கொஞ்சம் மருத்துவ வரலாறு. நான் மருத்துவம் படிப்பவன் இல்லை, வரலாறு பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த வரலாறு நம் ஒவ்வொருவர் வீட்டு அடுக்களையோடும் தொடர்புடையது.

எங்கள் குமரி மாவட்டத்தில் வெள்ளைச் சர்க்கரைக்குச் 'சீனி' என்று பெயர். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டால் முதலில் நடப்பது சீனி டப்பா இடம் மாறுவதுதான். தாத்தாவின் கைக்கு எட்டாத மேல்தட்டுக்கு அது போய்விடும். அவருக்கு மட்டும் சீனி போடாத சாயா. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதே தாத்தாவுக்கு ஒரு நாள் அந்த டப்பா உயிர் காக்கும் மருந்தாக வேண்டிவரும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த நிலைக்குப் பெயர் தாழ்சர்க்கரை. பேச்சு வழக்கில் 'லோ சுகர்'.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

முதலில் சின்னக் கணக்கு. ஒரு மனிதர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். அதில் 100 மில்லிக்குச் சுமார் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று வைத்துக்கொண்டால், மொத்த இரத்தத்திலும் இருப்பது 5 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி! அந்த ஒரு தேக்கரண்டியை நம்பித்தான் மூளை ஓடுகிறது. கல்லீரல் இடைவிடாமல் நிரப்பிக்கொண்டே இருப்பதால்தான் நாம் தூங்கி எழ முடிகிறது.

100 மில்லி இரத்தத்தில் குளுக்கோஸ் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை, உடனே கவனிக்க வேண்டும். 54க்குக் கீழே போனால் ஆபத்து. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை முதலில் வரும். பிறகு பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், வழி தெரியாமல் போகும். கடைசியில் வலிப்பு, மயக்கம்.

நன்றாகக் கவனியுங்கள். இது பெரும்பாலும் சர்க்கரை நோய் நேரடியாகத் தருவதில்லை. சர்க்கரை நோய்க்கான மருந்து தருவது. அதனால்தான் இந்த நிலைக்கு ஒரு பிறந்த தேதியே இருக்கிறது என்று சொல்லலாம்.

முயல்கள் சொல்லிக் கொடுத்த பாடம்

1922க்கு முன்னால் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த குழந்தைகள் பிழைப்பதில்லை. கிட்டத்தட்டப் பட்டினி போட்டு ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிப்பதுதான் அன்றைய சிகிச்சை. 1921இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தார்கள். ஆய்வகத்தின் தலைவர் மெக்லியாட். அந்த ஆண்டின் கடைசியில் சேர்ந்த வேதியியலாளர் காலிப், சாற்றைச் சுத்தப்படுத்தி முயல்களுக்குப் போட்டுச் சோதித்தார்.

முயல்களின் இரத்தச் சர்க்கரை இறங்கியது. எதிர்பார்த்ததுதான். ஆனால் மருந்து கூடிப்போன முயல்கள் வலிப்பு வந்து சுருண்டு விழுந்தன. குளுக்கோஸ் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்தன. ஆக, இன்சுலினின் ஆபத்தும் மாற்று மருந்தும் ஒரே மேசையில் தெரிந்துவிட்டன.

1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. அது சரியாக வேலை செய்யவில்லை. காலிப் சுத்தப்படுத்திய சாற்றை ஜனவரி 23 அன்று போட்டபோது சிறுவன் தேறினான். 1923இல் பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு.

இன்னொரு செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. இன்று மருத்துவர் '10 யூனிட் போடு' என்கிறாரே, அந்த 'யூனிட்' எங்கிருந்து வந்தது? 24 மணி நேரம் பட்டினி கிடந்த 2 கிலோ முயலின் சர்க்கரையை, 4 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும் அளவான 45 மில்லிகிராமுக்கு இறக்க எவ்வளவு சாறு தேவையோ, அது ஒரு யூனிட். மனிதருக்கு அது அதிகம் என்று பிறகு அதை மூன்றில் ஒரு பங்காக்கினார்கள். ஆக, இன்சுலினை அளக்கும் கோலே தாழ்சர்க்கரையிலிருந்து பிறந்ததுதான்.

அதே 1922இல் டொராண்டோ மருத்துவர்கள் ஃபிளெட்சரும் கேம்பெலும் நோயாளிகளிடம் கண்ட தாழ்சர்க்கரை அறிகுறிகளைக் கட்டுரையாக எழுதினார்கள். பசி, வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் என்று இன்று நாம் படிக்கும் பட்டியல்தான். சிகிச்சை? ஆரஞ்சுச் சாறும் குளுக்கோஸும். நூறாண்டு கழித்தும் முதலுதவி மாறவில்லை பாருங்கள்.

அப்போது நம் ஊர்

பேண்டிங்கின் ஊசி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த அதே 1922இல், எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் இறங்கி வந்து தென்கோடிவரை பயணம் செய்தார். நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, கல்குளம் தாலுகாவில் இருக்கும் நெய்யூர் மருத்துவமனையைப் பார்த்தார். 1838இல் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சி அது. கூட்டத்தைப் பார்த்த சாமர்வெல் பிறகு அங்கேயே வந்து பணியாற்றினார், இருபது ஆண்டுகளுக்கு மேல். அப்போது இது திருவிதாங்கூர். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான்.

நெய்யூரில் சாமர்வெல் பேர் வாங்கியது குடற்புண் அறுவையில். மரச்சீனிக் கிழங்கைத் தின்று உழைத்த ஏழைகளின் வயிற்று நோய் அது. சர்க்கரை நோய் அன்று பணக்காரர் வியாதி. பனையேறிக்கு அது எங்கே வரும்? விடியற்காலையில் பத்து நாற்பது பனை ஏறி இறங்கி, அக்கானி குடித்து, விடிலியில் கருப்பட்டி காய்ச்சி முடித்த உடம்பு. வெளியூர் நண்பர்களுக்கு: அக்கானி என்றால் பதநீர்.

இன்று நிலைமை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. பனையேறியின் பேரனும் மாத்திரை போடுகிறான்.

மாத்திரையும் இறக்கும்

'எனக்கு ஊசி கிடையாது, மாத்திரைதான், அதனால் லோ சுகர் வராது' என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1942, இரண்டாம் உலகப் போர்க் காலம். பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் மருத்துவர் ஜான்பான். சிலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்தன, இறப்புகளும் நேர்ந்தன. காரணம் சர்க்கரை இறங்கியது. அவரது சக ஆய்வாளர் லூபாத்தியேர், இந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்தவைதான் 1950களின் டோல்புடமைடும் 1960களின் கிளிபென்கிளமைடும். நம் மருந்துக் கடைகளில் மிகவும் பழகிய கிளிமிபிரைடும் இந்தக் குடும்பமே. இந்த மாத்திரைக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு தாழ்சர்க்கரை விபத்தால்தான்!

இவற்றின் சிக்கல் என்னவென்றால், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை விரட்டிக்கொண்டே இருக்கும். கிளிபென்கிளமைடு உடம்பில் நீண்ட நேரம் தங்கும், சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களிடம் இன்னும் கூடுதலாக. 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குறித்திருக்கிறது. எனவே மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரையில் சீனி கொடுத்து ஒரு முறை எழுந்தவர் சில மணி நேரத்தில் மறுபடியும் விழலாம். அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போயே ஆக வேண்டும்.

விரதங்களை நினைத்துப் பாருங்கள். கந்த சஷ்டி, பெரிய வெள்ளி, ரமலான்... மூன்று மதத்தாரும் நெருங்கி வாழும் மாவட்டம் இது. 13 நாடுகளில் 2001இல் நடந்த ஒரு பெரிய ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளிடம் கடுமையான தாழ்சர்க்கரை ரமலான் மாதத்தில் சுமார் ஏழரை மடங்கு கூடியிருந்தது. விரதம் இருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. மருத்துவரிடம் முன்பே பேசி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

நீல நிறம் ஏமாற்றிய காலம்

ப்ளஸ் டூ ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசலைச் சூடாக்கினோமே, நினைவிருக்கிறதா? சர்க்கரை கூடக்கூடப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும். இல்லையென்றால் நீலம். பல பத்தாண்டுகள் நோயாளிகள் சிறுநீரை இப்படித்தான் சோதித்தார்கள். நீலம் வந்தால் நிம்மதி.

ஆனால் இரத்தத்தில் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். 150 இருந்தாலும் நீலம், 40 இருந்தாலும் நீலம்! கூடினால் காட்டிக்கொடுக்கும், குறைந்தால் வாயே திறக்காது. இரத்தத்துக்கான பட்டை 1960களிலும் அதைப் படிக்கும் கருவி 1970 வாக்கிலும் வந்தன. வீட்டில் வாங்கி வைக்கும் விலைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன். அன்றிலிருந்து இன்றுவரை நமக்கு அதிகம் சொல்லப்பட்டது 'குறை, குறை' என்பதுதான். அது தேவையான அறிவுரையும்கூட. 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு, சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்று நிரூபித்தது. ஆனால் கறாராகக் கட்டுப்படுத்திய முதல் வகை நோயாளிகளிடம் கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு கூடியது என்றும் அதே ஆய்வு சொன்னது. நம் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

நினைவோடு, விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு:

1. 15 கிராம் சர்க்கரை உடனே. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி தண்ணீரில் கலக்கி, அல்லது அதே அளவு சீனி, அல்லது அரை டம்ளர் பழச்சாறு.
2. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. 70க்கு வரவில்லை என்றால் இன்னொரு 15 கிராம்.
3. தேறியதும் சாப்பாடு. அடுத்த வேளைக்கு நேரமிருந்தால் இரண்டு மட்டிப்பழமோ பிஸ்கட்டோ.

பாயசமும் சாக்லேட்டும் வேண்டாம். அவற்றின் கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும். கருப்பட்டி? 'கருப்பட்டி சுகரை ஏத்தாது' என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. அதிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். எனவே நோயாளிக்கு அது தினசரிச் சலுகை அல்ல, ஆனால் அவசரத்துக்குக் கரைத்துக் கொடுத்தால் உதவும்.

ஒரு முக்கிய விலக்கு. அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சீனியோ கருப்பட்டியோ உடனே பலிக்காது. சுக்ரோஸை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்துகள் தடுக்கின்றன. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மருந்துச் சீட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். அங்கே நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவார்கள். குளுக்ககான் என்ற ஊசியும் உண்டு. 1923இலேயே பெயர் வைக்கப்பட்ட ஹார்மோன் அது. ஆனால் நம் பக்கத்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை.

கருவி இல்லை, கூடியதா குறைந்ததா என்று தெரியவில்லை, ஆனால் ஆள் விழுங்குகிறார் என்றால் சர்க்கரை கொடுங்கள். கூடியிருந்தால் இந்த மூன்று தேக்கரண்டியால் பெரிய கெடுதல் வராது. குறைந்திருந்து கொடுக்காமல் விட்டால் உயிர் போகலாம்.

ஊசி போடுபவர்கள் குப்பியில் 40 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா எனப் பார்த்து அதற்கேற்ற சிரிஞ்சை வாங்குங்கள். 100 குப்பி மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

கடைசியாக ஒன்று. மாலை நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் தள்ளாடி, குழறிப் பேசினால் 'குடிச்சிருக்கான்' என்று ஒதுங்கிப் போவது நம் பழக்கம். தாழ்சர்க்கரையும் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். ஒரு நிமிடம் நின்று 'சுகர் உண்டா அண்ணே?' என்று கேளுங்கள்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அதோடு இந்த ஐந்து நிமிடப் பேச்சும் ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை நாமே சொல்லலாமே. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பெரியவர்களின் மாத்திரைப் பெயரைப் படியுங்கள். ஒரு சின்னப் பாட்டிலில் குளுக்கோஸ் பொடி போட்டு, மேல்தட்டில் அல்ல, அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.