வன்முறையும் எள்ளலும் (புதினம்)

வன்முறையும் எள்ளலும் (லா வியோலான்ஸ் எ லா தெரிசியோன்) என்பது எகிப்தில் பிறந்த எழுத்தாளர் அல்பேர் கொசரி பிரெஞ்சு மொழியில் எழுதிய அங்கதப் புதினம் ஆகும். இது 1964 ஆம் ஆண்டு வெளிவந்தது. கொடுங்கோல் ஆட்சியை ஆயுதத்தால் எதிர்ப்பதா, நகைப்பால் எதிர்ப்பதா என்னும் வினாவே இதன் மையப் பொருள் ஆகும்.

ஆசிரியர்

அல்பேர் கொசரி 1913 ஆம் ஆண்டு கெய்ரோவில் பிறந்தார். 1945 முதல் 2008 இல் இறக்கும் வரை பாரிசில் ஒரு விடுதி அறையிலேயே வாழ்ந்தார். பிரான்சில் வாழ்ந்தபோதும் தம் கதைகளுக்கு எகிப்தையும் அரபு உலகையுமே களமாகக் கொண்டார். இரவலர், வேலையற்றோர், சோம்பேறிகள் முதலானோர் இவருடைய கதைகளில் முதன்மை பெறுகின்றனர். 1990 ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கழகத்தின் பிராங்கோபோனி பெரும் பரிசைப் பெற்றார்.

கதைச் சுருக்கம்

பெயர் சுட்டப்படாத ஒரு கீழைத்தேயத் துறைமுக நகரில் கதை நிகழ்கிறது. நகரைத் தூய்மைப்படுத்த முனையும் ஆளுநர், தெருக்களில் இருந்து இரவலரை அகற்ற ஆணையிடுகிறார். ஒரு காவலர் இரவலன் ஒருவனை விரட்ட முயல்கையில், அது வெறும் பொம்மை எனத் தெரியவருகிறது. ஹெய்கல் என்பவனின் குழுவினரே அதனை அங்கு வைத்தவர்கள்.

பட்டம் செய்யும் கரீம், பள்ளி ஆசிரியர் உர்பி, வணிகர் காலித் ஓமர் ஆகியோர் இக்குழுவில் உள்ளனர். இவர்கள் ஆளுநரை இகழ்வதில்லை, அளவிறந்து புகழ்கின்றனர். அவரைப் போற்றும் சுவரொட்டிகள் நகரெங்கும் ஒட்டப்படுகின்றன. அவருக்குச் சிலை எழுப்ப நிதியும் திரட்டப்படுகிறது. ஆளுநரே தம்மைப் புகழ்ந்துகொள்கிறார் என்ற ஐயம் மேலிடத்தில் எழ, அவருடைய பதவி ஆட்டம் காண்கிறது.

கரீமின் பழைய தோழனான தாகிர் என்னும் புரட்சியாளன் இவ்வழியை வெறுக்கிறான். அவன் குண்டு வீசி ஆளுநரைக் கொல்கிறான். நகைப்புக்கு உரியவராக வீழவேண்டிய ஆளுநர், இதனால் தியாகி ஆகிவிடுகிறார்.

கருப்பொருள்

தமிழ் அணியிலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி எனக் கூறும் உத்தியே இக்குழுவினரின் படைக்கலம் ஆகும். இகழ்வோரைச் சிறையிடலாம். ஆனால் புகழ்வோரைத் தண்டித்தால் அப்புகழ்ச்சி பொய் என்பதை ஆட்சியே ஒப்புக்கொண்டதாகும். இந்த இக்கட்டில் இருந்தே கதையின் நகைச்சுவை பிறக்கிறது.

ஹெய்கலின் பார்வையில், புரட்சியாளன் ஆட்சியாளரைப் பெரிதாக மதிப்பதாலேயே அவரைக் கொல்ல விழைகிறான். எள்ளுபவனோ அம்மதிப்பையே மறுக்கிறான். எனினும் நகைப்பைத் தீர்வாகவும் புதினம் காட்டவில்லை. ஓர் ஆளுநர் நீங்கினால் மற்றொருவர் வருவார். ஹெய்கலின் குழு உலகைத் திருத்த முனையவில்லை. அதன் கேலித்தன்மையைக் கண்டு மகிழவே விரும்புகிறது. ஏழைகளின் துயர் இம்மகிழ்ச்சியால் நீங்குமா என்னும் தாகிரின் தரப்பு, கதையில் எளிதில் புறந்தள்ள முடியாததாகவே உள்ளது.

மொழிபெயர்ப்பு

அன்னா மொஸ்கோவாகிஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, "த ஜோக்கர்ஸ்" என்னும் பெயரில் 2010 ஆம் ஆண்டு வெளியானது.