எண்ணிச் சொன்னவர்கள்

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் மாகாண மாநாட்டைப் பற்றி இந்த ஊரில் பேசாத மேடை இல்லை. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரும் தீர்மானத்தைப் பிரதிநிதிகளின் கையொப்பங்களோடு ஈ.வெ.ரா. கொண்டுவந்தார். தலைமை வகித்த திரு.வி.க. அதை எடுத்துக்கொள்ள மறுத்தார். ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டே வெளியேறினார். திரு.வி.க.வை இந்தக் கதையில் வில்லனாக்குவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை என்பது என் கருத்து. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர் அவர். வேலை செய்கிறவனின் பங்கு என்றால் என்னவென்று தெரியாதவர் அல்லர்.

மாநாட்டுக்கு நூறாண்டு நிறைந்திருக்கும் வேளையில் மேடைகளை விட்டுவிட்டு மேசைகளின் பக்கம் போகலாம் என்று தோன்றுகிறது. அரசு வேலையில் யாருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் தலைவர்கள் எழுப்பினார்கள், நீதிமன்றங்கள் புரட்டிப் போட்டன, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அதிகாரி உட்கார்ந்து தலைகளை எண்ணி, அட்டவணை போட்டு, அரசுக்கு ஆலோசனை எழுதியிருக்கிறார். அந்த ஆலோசனையில் அரசு எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று பார்த்தால்தான் இந்த வரலாறு முழுதாகப் பிடிபடும்.

தொடக்கம் நீதிக்கட்சி அல்ல. 1854-லேயே சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு நிலையாணை இட்டது. மாவட்டத்தின் கீழ்நிலைப் பணிகள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் கைக்குள் போய்விடாமல் பல சாதியாருக்கும் பகிர்ந்து தரப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அன்று செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த காஞ்சிபுரத்துக்கும் அந்த ஆணை பொருந்தும். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சமூகநீதியில் அப்படியொரு ஆர்வம் என்று எண்ண வேண்டியதில்லை. கச்சேரியில் மாமனும் மைத்துனனும் மருமகனும் வரிசையாக உட்கார்ந்துகொண்டால் வரிக்கணக்கு எப்படிச் சரியாக வரும் என்ற கவலைதான். நோக்கம் எதுவாயினும் வேலைவாய்ப்பைச் சாதி அடிப்படையில் கவனிக்கச் சொன்ன முதல் எழுத்துகளில் அது ஒன்று. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது கோப்பில் தூங்கியது.

நீதிக்கட்சி ஆட்சி 1921 செப்டம்பரில் வெளியிட்ட முதல் வகுப்புவாரி ஆணை புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வருவாய்த்துறைக்கு இருந்த அந்தப் பழைய நிலையாணையை எல்லாத் துறைகளுக்கும் விரித்தது. அதோடு, எந்த வகுப்பிலிருந்து எத்தனை பேரை நியமித்தீர்கள் என்று துறைத்தலைவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கு அனுப்ப வேண்டும் என்றது. ஆணையில் கூர்மையான பகுதி அதுதான். யாரை நியமிக்க வேண்டும் என்று கட்டளையிட்டால் அதிகாரி நூறு காரணம் சொல்வார். யாரை நியமித்தாய் என்று எழுதித் தரச் சொன்னால் தப்புவது கடினம். 1924-ல் பணியாளர் தேர்வு வாரியம், 1929-ல் சென்னை மாகாணப் பணித் தேர்வாணையம் என்று அடுத்தடுத்து அமைப்புகள் வந்தன. மாகாண அளவில் அப்படியொரு தேர்வாணையம் அன்று வேறெங்கும் இல்லை. இடையில் 1928-ல், சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார் பன்னிரண்டு இடங்கள் கொண்ட சுழற்சியை உறுதிப்படுத்தினார். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 1. கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்காகப் போடப்பட்டதாக நாம் கொண்டாடும் பட்டியலில் மிகவும் ஒடுக்கப்பட்டவருக்குப் பன்னிரண்டில் ஒன்றுதான் கிடைத்தது.

1951 ஏப்ரல் 9-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. கல்லூரி இடம் தொடர்பான செண்பகம் துரைராஜன் வழக்கை எல்லோரும் அறிவர். வேலை தொடர்பான வெங்கடரமணா வழக்கை அறிந்தவர் குறைவு. நம் பொருளுக்கு அதுவே நெருக்கம். மாவட்ட முன்சீப் பணியிடங்கள் 83. அவை அரிசனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறித்தவர்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணருக்கு 11 என்று பிரிக்கப்பட்டிருந்தன. அரிசனங்களுக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும், மற்றப் பிரிவினை செல்லாது என்றது நீதிமன்றம். எல்லோருக்கும் பங்கு என்ற பழைய தத்துவம் அன்றோடு முடிந்தது. பின்தங்கியவருக்கு மட்டுமே ஒதுக்கீடு, அவர் பின்தங்கியவர் என்பதை அரசு காட்ட வேண்டும் என்ற புதிய நிலை வந்தது. காட்டுவதற்கு ஆள் வேண்டுமே. ஓய்வுபெற்ற அதிகாரிகளின் காலம் அங்கே தொடங்குகிறது.

ஏ.என். சட்டநாதன் சுங்கம், கலால் துறையில் உயர்ந்த பதவிவரை போய் ஓய்வுபெற்றவர். எளிய, பின்தங்கிய குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி முடிக்காமல் விட்ட தன்வரலாறு 2007-ல் அச்சானது. அண்ணா மறைந்த 1969-ஆம் ஆண்டு நவம்பரில், கருணாநிதி அரசு அமைத்த முதல் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்துக்கு அவர் தலைவரானார். ஓராண்டில் அறிக்கை தந்தார். கலால்காரர் கணக்குப் பார்ப்பதுபோலவே பார்த்திருக்கிறார் என்று சொல்லத் தோன்றும். சரக்கு எங்கிருந்து புறப்பட்டது என்பதோடு நிற்காமல் யார் வீட்டில் இறங்கியது என்று கேட்டிருக்கிறார்.

கண்டது இது. பிற்படுத்தப்பட்டோர் மக்கள்தொகையில் ஏறக்குறைய 11 சதவீதமே உள்ள ஒன்பது சாதியினர், அந்தப் பட்டியலுக்குக் கிடைத்த கெசட்டட் பதவிகளில் 48 சதவீதத்தையும் மற்றப் பதவிகளில் 37 சதவீதத்தையும் பெற்றிருந்தார்கள். பொறியியல் இடங்களில் 44, மருத்துவ இடங்களில் 47. பட்டியலுக்குள்ளேயே மேலும் பின்தங்கியவர் இருக்கிறார்கள் என்று காட்ட இதைவிட என்ன வேண்டும்? ஆகவே மூன்று யோசனைகள் சொன்னார். ஒதுக்கீட்டை 33 சதவீதமாக உயர்த்துங்கள். அதில் மிகவும் பிற்படுத்தப்பட்டவருக்கு 16 தனியாகப் பிரித்துவிடுங்கள். ஆண்டுக்கு 9,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் குடும்பம், 10 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடும்பம் ஆகியவற்றைச் சலுகையிலிருந்து விலக்குங்கள்.

1971-ல் அரசு பிற்படுத்தப்பட்டோர் பங்கை 25-லிருந்து 31 ஆக்கியது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 16-லிருந்து 18 ஆக்கியது. முதல் யோசனையை ஏறத்தாழ ஏற்றது, மற்ற இரண்டும் கிடப்பில் போயின. எண்ணை ஏற்று, அந்த எண்ணுக்கான காரணத்தை ஒதுக்கிவைத்த அந்த முடிவை நான் குறையாகவே பார்க்கிறேன். வாக்குக் கணக்கு தெரிந்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அவர்கள் பக்கத்திலும் ஓர் ஆதாரம் உண்டு. 1979 ஜூலையில் எம்.ஜி.ஆர். அந்த 9,000 ரூபாய் வரம்பை எடுத்து ஆணையாக்கினார். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே தொகுதிகள். தோல்விக்குப் பிறகு வரம்பு ரத்தாயிற்று, ஒதுக்கீடு 31-லிருந்து 50 ஆயிற்று. சட்டநாதன் சொன்ன உள்பிரிவு, வன்னியர் போராட்டத்துக்குப் பிறகு 1989-ல்தான் 20 சதவீதமாக வந்தது. ஆலோசனைக்கும் ஆணைக்கும் இடையே ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் போய், தேர்வெழுதி, வயது வரம்பையும் கடந்திருக்கும்.

இரண்டாவது ஆணையத்தின் தலைவர் ஜே.ஏ. அம்பாசங்கர், ஆட்சிப்பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். 1982 டிசம்பரில் அமைந்த அவருடைய ஆணையம் மாதிரிக் கணக்கெடுப்போடு நிற்காமல் மாநிலம் முழுக்க வீடுவீடாக எண்ணியது. பிற்படுத்தப்பட்டோர் மக்கள்தொகையில் சுமார் 67 சதவீதம் என்று வந்தது. ஆனால் எண் சொன்னது ஒன்று, தலைவர் சொன்னது இன்னொன்று. ஒதுக்கீட்டை 32 சதவீதமாகக் குறைக்கலாம் என்று அவர் எழுத, உறுப்பினர்களில் 14 பேர் மறுத்துத் தனியே எழுதினார்கள். அரசு பெரும்பான்மை பக்கம் நின்றது. பின்னாளில் மொத்த ஒதுக்கீடான 69 சதவீதத்தைக் காக்க 1993-ல் சட்டம் வந்தபோதும், அது 1994-ல் ஒன்பதாம் அட்டவணைக்குள் போனபோதும், அம்பாசங்கர் எண்ணி வைத்ததே கையிருப்பாக உதவியது. தன் கணக்கு தன் பரிந்துரைக்கு எதிராகவே சாட்சி சொன்ன விசித்திரம் அவருக்கு நேர்ந்தது.

இந்த ஆலோசனைகளெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அலுவலகத்தில் இருக்கும் ஒரு பதிவேடு. அதை இனச்சுழற்சிப் பதிவேடு என்பார்கள். வரிசையாக 200 இடங்கள். பொதுப்போட்டிக்கு 62, பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 40, பட்டியல் சாதியினருக்கு 36 (அதில் 6 அருந்ததியருக்கு), பழங்குடியினருக்கு 2. போன தடவை நியமனம் எந்த வரிசை எண்ணில் நின்றதோ, இந்தத் தடவை அதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடர வேண்டும். எளிய விதிதான். தவறு நடப்பதும் எளிய இடத்தில்தான். பொதுப்போட்டி என்பது முற்பட்டோருக்கான ஒதுக்கீடு அல்ல, எல்லோருக்குமான இடம். நல்ல மதிப்பெண் எடுத்து அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய ஒரு தாழ்த்தப்பட்ட பிள்ளையை, சாதிச் சான்றிதழைப் பார்த்ததும் ஒதுக்கீட்டு எண்ணில் உட்காரவைத்துவிட்டால் போதும். இன்னொரு பிள்ளையின் வேலை சத்தமில்லாமல் போய்விடும். பேனா ஒரு வரி தள்ளி இறங்குவதுதான் வித்தியாசம். சுழற்சியை மேற்பார்க்கிறவர் யார் என்ற கேள்வி இதனால்தான் முக்கியம்.

2021-ல் மாநில அரசு சமூகநீதிக் கண்காணிப்புக் குழுவை அமைத்தது. சுப. வீரபாண்டியன் தலைவர், உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி கே. தனவேலும் ஒருவர். கல்வி, வேலைவாய்ப்பு, பதவி உயர்வு, நியமனம் ஆகியவற்றில் ஒதுக்கீடு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து அரசுக்குச் சொல்வது அதன் வேலை. 1921-ஆம் ஆண்டு அரையாண்டுக் கணக்கின் பேரப்பிள்ளை என்று இக்குழுவைச் சொல்லலாம்.

எண்ணாமல் செய்தால் என்ன ஆகும் என்பதை வடமாவட்டங்களில் இருக்கும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில், தேர்தல் அறிவிப்பு வந்த நாளில், வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. நவம்பரில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உள்ஒதுக்கீடே கூடாது என்று உச்சநீதிமன்றம் சொல்லவில்லை. அண்மைக்காலப் புள்ளிவிவரம் எங்கே என்றுதான் கேட்டது. மாறாக நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் தலைமையில் ஆராய்ந்து 2009-ல் தரப்பட்ட அருந்ததியர் 3 சதவீதம், 2024 ஆகஸ்ட் 1-ல் ஏழு நீதிபதிகள் அமர்வின் முன்னும் நின்றது. எண்ணிக்கை மட்டுமல்ல, எண்ணை இயக்கிப் பார்ப்பதும் தேவை. 2007-ல் கிறித்தவருக்குத் தனியே 3.5 சதவீதம் தந்தார்கள். சுழற்சியில் போட்டுப் பார்த்தபோது முன்பைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே அவர்களே வேண்டாம் என்று திருப்பித் தந்தார்கள். சலுகையைத் திருப்பித் தந்த சம்பவம் தமிழ்நாட்டு அரசியலில் அபூர்வம்.

இனிச் சின்ன காஞ்சிபுரத்துக்கே வருவோம். இங்கே பிறந்த அண்ணா நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரிக்குப் போவதற்கு முன் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலம் வேலை பார்த்தவர். தறிக்குழியிலிருந்து எழுத்தர் நாற்காலிக்குப் போகும் அந்தப் பாதையில்தான் இன்றும் தெருத்தெருவாகப் பிள்ளைகள் போகிறார்கள். குரூப் 4 தேர்வு வந்தால் தறிச்சத்தம் குறையும் தெருக்கள் உண்டு. செங்குந்தர், தேவாங்கர், சாலியர், சௌராஷ்டிரர் என்று நெசவு செய்யும் பல சமூகத்தாரும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். பட்டியல் ஒன்று, தெருக்களின் நிலைமை ஒன்றல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாகம் பார்க்கும் குடும்பமும் கூலிக்குத் தறி போடும் குடும்பமும் சாதிச் சான்றிதழில் ஒரே வரியில் நிற்கின்றன. கோர்வைச் சேலைக்கு ஒருவர் நெய்ய இன்னொருவர் மறுபக்கத்தில் துணைக்கு உட்கார வேண்டும். துணைக்கு உட்கார்ந்தே வளர்ந்த பிள்ளையும் டியூஷன் போய் வளர்ந்த பிள்ளையும் அந்த 53 இடங்களில் ஒன்றுக்காக எதிரெதிரே எழுதுகிறார்கள். சட்டநாதன் விலக்கச் சொன்ன வரம்பு அன்று நடைமுறைக்கு வந்திருந்தால் கூலித்தறி வீட்டுக்கு அது பயன்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

தெருவைத் தாண்டி வரதராஜப் பெருமாள் சன்னதிக்குப் போனாலும் இதே கேள்விதான், வேறு உடையில். பிரபந்தம் ஓதும் அத்யாபக உரிமை யாருக்கு என்று வடகலையாரும் தென்கலையாரும் ஆங்கிலேயர் காலந்தொட்டு வழக்காடி வருகிறார்கள். அது பக்தியின் சண்டையென்று வெளியூரார் நினைப்பார்கள். பணியிட உரிமை பிறப்பால் வருகிறது என்ற ஏற்பாட்டின் சண்டை அது. அர்ச்சகர் பணியைப் பற்றி 1979-ல் அமைந்த நீதிபதி மகாராஜன் குழுவும், 2006-ல் அமைந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவும் அரசுக்கு ஆலோசனை தந்தன. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பிற சாதியினர் சிலர் பணியமர்த்தப்பட்டபோது முதல் குழு அமைந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடைசியாக ஒன்று. 2022 அக்டோபரில் அரசுப் பணியாளர் முறையைச் சீர்திருத்த ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி எம்.எப். பரூக்கி தலைமையில் மாநில அரசு ஒரு குழு அமைத்தது. வெளி நிறுவனங்கள் மூலம் ஆள் எடுப்பதையும் அதன் ஆய்வு வரம்பில் பார்த்த ஊழியர் சங்கங்கள், அப்படி எடுத்தால் இனச்சுழற்சி என்ன ஆகும் என்று கேட்டன. சில வாரங்களில் அந்த ஆய்வு வரம்புகள் கைவிடப்பட்டன. ஆனால் ஒப்பந்தப் பணியாளர்கள் ஏற்கெனவே அலுவலகங்களில் இருக்கிறார்கள். பெருக்குபவர், காவலர், கணினியில் பதிவேற்றுபவர் என்று. 200 இடப் பதிவேட்டில் அவர்களுக்கு எந்த வரியும் இல்லை. வன்னியர் உள்ஒதுக்கீட்டைப் புதிதாக ஆராய 2023 ஜனவரியில் நீதிபதி பாரதிதாசன் தலைமையிலான ஆணையத்துக்கு மூன்று மாதம் தரப்பட்டது, பிறகு காலநீட்டிப்பின் மேல் காலநீட்டிப்பு. அந்தக் கணக்கு எடுக்கும்போதே ஒப்பந்தக்காரர் வழி வந்தவர்கள் எந்தெந்தச் சாதியிலிருந்து எத்தனை பேர் என்றும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்வதில் ஆணையத்துக்குப் பெரிய செலவு இராது. 1921-ல் துறைத்தலைவர்களிடம் கேட்டது அவ்வளவுதான்.