புகைக்குழாயும் பாட்டுப்பெட்டியும்



இன்று நம் தோட்டத்து லயன்களில் மோட்டார் சைக்கிள் நிற்காத வாசலைக் காண்பது அரிது. விடியற்காலையில் காட்டு வேலைக்குப் போவதும் அதிலேதான்; பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவதும், சம்பளத்தன்று பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும் அதிலேதான். கப்சாய் என்று நாம் செல்லமாக அழைக்கும் அந்தச் சிறு வண்டி நம் குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன்பு, நம்மிடம் படித்த ஓர் இளைஞர் பெரிய வண்டி ஒன்றை வாங்கி வந்தார். நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டி. முன்னால் அகன்ற காற்றுத் தடுப்பு, இரு பக்கமும் பெட்டிகள், கைப்பிடிக்கு முன்னே வானொலி. பலர் கைமாறி வந்த பழைய வண்டிதான். செம்பனை ஆலையில் ஐந்தாண்டுகள் வேலை செய்து சேர்த்த பணம் அதில் போயிற்று. வானொலியில் கரகரப்பு, புகைக்குழாயில் துரு. “சார், இரண்டையும் மாற்றப் போகிறேன். குழாயைத் திறந்து விட்டால் வண்டி பிய்த்துக்கொண்டு போகுமாம், இன்னும் பெரிய ஸ்பீக்கரும் போடப் போகிறேன்” என்றார்.

அப்படியே செய்தும் விட்டார். சைலன்சரின் உள் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரவு வேலை முடிந்து அவர் திரும்பும் நேரமெல்லாம் லயனில் கைக்குழந்தைகள் அலறி எழுந்தன. விடியுமுன் எழ வேண்டியவர்கள் தூக்கம் கெட்டுப் புரண்டார்கள். வண்டியோ முன்பைவிட வேகமாக ஓடவில்லை. ஏன் அப்படி என்று அவர் நம்மைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புகுந்தபோது, அதற்குள் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு அடங்கியிருப்பதைக் கண்டோம். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்னும் ஊரில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885-ஆம் ஆண்டு மரச்சட்டத்தில் ஒரு பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். அதன் வலிமை அரைக் குதிரைத் திறன்தான். பெட்ரோலால் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்று அதைத்தான் வரலாறு குறிப்பிடுகிறது. 1894-இல் மியூனிக் நகரத்து ஹில்டிபிராண்ட், வொல்ஃப்மியூலர் நிறுவனத்தார் மோட்டார் சைக்கிள்களை வரிசையாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள்.

எஞ்சின் பிறந்தபோதே இரைச்சலும் பிறந்துவிட்டது. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரிகின்றன. வால்வு திறந்தவுடன் சூடான வாயு அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சிறு வெடிச்சத்தம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான வெடிச்சத்தங்கள் சேர்ந்ததுதான் நாம் கேட்கும் உறுமல். அதை அடக்க, வாயுவை ஒரு பெட்டிக்குள் விட்டு, அறை அறையாகத் திருப்பி, மெல்ல வெளியேற்ற வேண்டும். இத்தகைய சாதனத்துக்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-இல் காப்புரிமை பெற்றார்கள்.

அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு வலிமை குறைவு. பெட்டிக்குள் வாயு தடைபட்டால் மேடேறாது என்று அஞ்சி, சைலன்சரைத் தாண்டி வாயுவை நேரே வெளியேற்றும் ஒரு கதவையும் வைத்தார்கள். மேடு வந்தால் ஓட்டுநர் காலால் அதைத் திறந்துவிடுவார். “சத்தம் கூடினால் வலிமை கூடும்” என்ற எண்ணம் அங்கேதான் வேர் விட்டது.

ஆனால் வாங்குவோர் விரும்பியது அமைதியையே. 1903-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தோன்றியது ஹார்லி டேவிட்சன் நிறுவனம். இன்று அந்தப் பெயரைச் சொன்னாலே உறுமல் சத்தம்தான் நினைவுக்கு வரும். ஆயினும் அதன் ஆரம்ப கால வண்டிக்கு ‘அமைதியான சாம்பல்நிறத் தோழன்’ என்று பெயர். சாம்பல் வண்ணம் பூசியிருந்ததாலும், சைலன்சர் நன்றாக வேலை செய்ததாலும் வந்த பெயர் அது. இரைச்சல் இல்லாததே அன்று அதற்குப் பெருமை!

இங்கிலாந்தில் நடந்ததையும் கேளுங்கள். 1907-இல் புரூக்லண்ட்ஸ் என்னும் இடத்தில் மோட்டார் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. நாள் முழுவதும் வண்டிகளின் ஓலம். சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் பொறுத்துப் பார்த்து, முடியாமல் நீதிமன்றம் போனார்கள். அதன் பயனாக 1920-களில் பந்தய வண்டிகளுக்கும் பெரிய சைலன்சர் கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சைலன்சரைப் ‘புரூக்லண்ட்ஸ் டப்பா’ என்றே அழைத்தார்கள். பந்தயக்காரர்களே குழாயை அடக்க வேண்டியிருந்தது என்றால், லயனுக்குள் ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அப்படியானால் குழாயால் வலிமை கூடுவதே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கூடும். ஆனால் சத்தத்தால் அன்று, கணக்கால். கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்னும் நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் இருந்தார். குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையை அவர் 1950-களில் ஆராய்ந்தார். கிணற்றில் கல்லைப் போட்டால் அலை சுவரில் மோதித் திரும்புவது போல, குழாயிலும் அலை திரும்பி வருகிறது. குழாயின் நீளத்தையும் பருமனையும் சரியாக அமைத்தால், அந்த அலை திரும்பி வந்து, வெளியே தப்பிப் போகவிருந்த புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். நடுவில் பருத்து முனையில் ஒடுங்கும் டூ-ஸ்ட்ரோக் குழாய்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த உருவத்துக்குக் காரணம் இதுதான்.

1961-இல் அந்த நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்தோடு நாட்டைவிட்டுத் தப்பி, ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். காடனின் நுட்பமும் அவரோடு போயிற்று. அடுத்த ஆண்டே, 1962-இல், 50 சி.சி. உலகப் பட்டத்தை டெக்னர் சுசுகி வண்டியில் வென்றார். ஒரு புகைக்குழாயின் இரகசியத்துக்கு அவ்வளவு மதிப்பு! எனவே நேயர்களே, குழாய் என்பது சும்மா ஒரு ஓட்டை அன்று. எஞ்சினைச் செய்தவர்கள் அதனோடு சேர்த்தே அளந்து செய்த உறுப்பு. அளவு தெரியாமல் உள்ளே இருப்பதைப் பிடுங்கினால் சத்தம் வரும், வலிமை வராது. கார்ப்பரேட்டர் உள்ள பழைய வண்டியில் காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதமும் கெட்டு, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகலாம். நிறைகுடம் தளும்பாது என்பது எஞ்சினுக்கும் பொருந்தும்.

இனிப் பாட்டுப்பெட்டியின் கதைக்கு வருவோம். 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் காருக்குள் வைக்கும் வானொலியைச் செய்து விற்றார். மோட்டாரோலா என்ற பெயர் அதற்காக வைக்கப்பட்டதே. விலை 110 முதல் 130 டாலர் வரை. அக்கால வானொலி கண்ணாடி வால்வுகளால் ஆனது. குலுக்கல் ஆகாது, மின்சாரத்தையும் நிறைய விழுங்கும். காருக்கே அது பெரும்பாடு என்றால் மோட்டார் சைக்கிளுக்கு எப்படி?

1947-ஆம் ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-இல் கைக்கடக்கமான முதல் டிரான்சிஸ்டர் வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் பெரியவர்கள் சைக்கிள் கைப்பிடியில் டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு சக்கர வண்டியில் இசை கேட்கும் ஆசை நம் தோட்டங்களுக்கும் புதிதல்ல. 1963-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. குலுங்கினாலும் ஓடும் இசை அப்போது கைக்கு வந்தது.

ஆனாலும் ஒரு தடை இருந்தது. அதுதான் காற்று. வேகமாகப் போகும்போது காதில் இரையும் காற்றுக்கு மேலே பாட்டு எப்படிக் கேட்கும்? அமெரிக்கரான கிரெய்க் வெட்டர் 1971-இல் விண்ட்ஜாமர் என்ற காற்றுத் தடுப்பை விற்கத் தொடங்கினார். பலவகை வண்டிகளுக்கும் அது பொருந்தியது. 1974-இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் ஹோண்டா நிறுவனம் கோல்ட் விங் என்ற 1000 சி.சி. வண்டியைக் காட்டியது. நம் கப்சாய்க்கு மூதாதையான சூப்பர் கப் வண்டியை 1958-இல் தந்த அதே ஹோண்டாதான். கோல்ட் விங் முதலில் வெறும் வண்டியாகத்தான் வந்தது. வாங்கியவர்கள்தாம் காற்றுத் தடுப்பையும் பெட்டியையும் தேடிப் பூட்டினார்கள். அதைக் கண்ட நிறுவனம் 1980-இல் இன்டர்ஸ்டேட் என்னும் வகையில் காற்றுத் தடுப்பையும் பெட்டிகளையும் தானே பொருத்தித் தந்தது. வானொலியும் வேண்டுவோருக்குக் கிடைத்தது. பின்னர் வந்த பெரிய வண்டிகளில், வேகம் கூடும்போது ஒலியும் தானாகவே கூடும் ஏற்பாடும் வந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? காற்றை முதலில் தடுத்தார்கள். பிறகுதான் பாட்டை வைத்தார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டிவிடும். 85 டெசிபல் ஓசையை எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பது காதுக்குக் கேடு என்பது அறிவியல் கணக்கு. மூன்று டெசிபல் கூடுந்தோறும் அந்த நேரம் பாதியாகிறது. 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரந்தான். காற்றையும் திறந்த குழாயையும் மிஞ்சுவதற்காகப் பாட்டை ஏற்றினால், சேதம் யாருக்கு?

ஆகவே பழைய வண்டி வாங்கும் இளைஞர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குறுந்தூரம் ஓட்டி நிறுத்தினால் அந்த ஈரம் குழாயிலேயே தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். குழாயை மாற்ற நேர்ந்தால் அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்ட, உள் தடுப்புள்ள குழாயையே பூட்டுங்கள். வாகன இரைச்சலுக்கென நம் நாட்டில் 1987-இலேயே சட்ட விதிகள் வந்துவிட்டன என்பதை மறக்க வேண்டாம். வானொலி கரகரத்தால் முதலில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பாருங்கள். மழையிலும் வெயிலிலும் அது கிழிந்திருக்கும். அதை மாற்றினாலே பெரும்பாலும் போதும். 12 வோல்ட் வண்டியில் 100 வாட் பெருக்கி எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வண்டியின் மின்னாக்கி அதைத் தாங்குமா என்று பார்த்து, ஃபியூஸ் வைத்துப் பூட்ட வேண்டும். இல்லையேல் நடுவழியில் விளக்கு மங்கும். ஒயர் எரிந்தாலும் எரியும்.

அந்த இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினாரே தவிர, மனம் மாறியதாகத் தெரியவில்லை. அவரை மாற்றியவர் அவருடைய தந்தை. முப்பது ஆண்டுகள் ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர் அவர். அந்த நாளில் காதை மூடிக்கொள்ளச் சொல்ல ஆளில்லை. இன்று பக்கத்தில் நின்று கத்திப் பேசினால்தான் அவருக்கு விளங்கும். வண்டியின் சத்தம் லயனில் அவர் ஒருவருக்கு மட்டுந்தான் தொந்தரவாக இல்லை. ஒருநாள் மகன் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, புது ஸ்பீக்கரில் அவருக்குப் பிடித்த பாட்டை முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறார். இறங்கியதும் பெரியவர் சொன்னாராம்: “தம்பி, பாட்டு ஓடினது எனக்குத் தெரியல. நான் வயித்துக்காகக் காதைக் கொடுத்தேன். நீ எதுக்காகக் கொடுக்கிற?”

மறுவாரம் பட்டறையில் பழைய குழாய்க்கு உள் தடுப்பு மீண்டும் பொருத்தப்பட்டது. பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலாக, விரிசல் விட்டிருந்த காற்றுத் தடுப்பு மாற்றப்பட்டது. இப்போது இரவில் அவர் வருவது லயனில் பலருக்குத் தெரிவதில்லை. காலையில் வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்துத்தான் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்கிறோம்.

நேயர்களே, இயந்திரத்தை விரும்புவது நல்லதே. அது ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விரும்பினால், நம் பணமும் மிஞ்சும், காதும் மிஞ்சும், அக்கம்பக்கத்தாரின் தூக்கமும் மிஞ்சும்.